மறந்த மந்திரமும் மறவாத திருவடியும்

துன்பம் வந்துற்ற வேளையில் மறைநூல்கள் மனிதனுக்கு ஆறுதல் தருமா? தரும் என்றே நாம் அனைவரும் மறுமொழி கூறுவோம். மங்கள வாத்தியம் முழங்க, எம்பெருமான் திருவீதி எழுந்தருளும் உற்சவ காலத்தில் இவ்விடையைச் சொல்வது எளிது. விளக்கேற்றவும் மனமில்லாத வீட்டின் வாசலில் நின்றுகொண்டு அதே விடையைச் சொல்ல நா எழுமா என்பதுதான் உண்மையான வினா. அடியேன் ஒருமுறை அவ்வினாவின் முன் நின்று தோற்றவன். அத்தோல்வியில் கற்ற ஒன்றை, நம் கொங்கு நாட்டுப் பெண்மணி ஒருத்தியின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு, பாகவத அன்பர்கள் திருமுன் விண்ணப்பம் செய்ய விழைகிறேன்.

2021ஆம் ஆண்டு வைகாசி மாதம். பெருந்தொற்றின் இரண்டாம் அலை நம் மாவட்டத்தை வருத்திய காலம் அது. அவ்வாண்டு மே மாத இறுதியில், நாள்தோறும் புதிதாக நோய்வாய்ப்பட்டோரின் எண்ணிக்கையில் கோவை, சென்னையையும் விஞ்சி நின்றது. அந்நாட்களில் அடியேனுடைய தங்கை தன் கணவரை இழந்தாள். அவளும் அவளுடைய சிறுவனும் நோயுற்றமையால் வீட்டைவிட்டு வெளியே வர இயலவில்லை. உற்றார் ஒருவரும் உள்ளே செல்லவும் இயலவில்லை. பிறந்த வீட்டார் போய்க் கட்டியழக்கூட வழியற்ற துக்கம். தொலைபேசி ஒன்றுதான் துணை.

சிறிது நூற்பயிற்சி உடையவன் என்ற எண்ணம் அடியேனுக்கு உண்டு. ஆகவே கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, ஆன்மா அழிவற்றது, அழுவதற்கு இடமில்லை என்று தொலைபேசியில் விரிவாக உரைத்தேன். அதனோடு நில்லாமல், வினைப்பயனை யாரால் விலக்க முடியும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிவில், “அண்ணா, நீங்க சொல்றதெல்லாம் நிசமாகவே இருக்கட்டுங்க. ஆனா இது எனக்குச் சொன்னதுங்களா, இல்லை, உங்க பயம் தீர உங்களுக்கே சொல்லிக்கிட்டதுங்களா?” என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். அன்றிரவு அடியேனுக்கு உறக்கம் இல்லை. சொன்ன சொல்லில் பிழையில்லை. ஆயினும் அச்சொல் அவளுடைய நெஞ்சில் ஆறுதலாக விழவில்லை, கல்லாக விழுந்தது.

அவளுக்கு ஆறுதல் வேறிடத்திலிருந்து வந்தது. அடுத்த வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தார். தெருவார் அனைவரும் அவரை ‘அம்மாயி’ என்றே அழைப்பர். எழுதப் படிக்க அறியாதவர். நாள்தோறும் மாலையில் தூக்குப்போசியில் அரிசி பருப்புச் சோறு கொண்டுவந்து மதிற்சுவரின்மேல் வைப்பார். பிறகு சுவருக்கு அப்பால் ஒரு கல்லின்மேல் அமர்வார். முதல் நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. ‘ரங்கா, ரங்கா’ என்று மட்டும் சொல்லி அழுதாராம். மறுநாள் தொடங்கி, தாம் இளமையில் காதால் கேட்டிருந்த இராம கதையில், சீதாபிராட்டி அசோகவனத்தில் இருந்த பகுதியைச் சிறிது சிறிதாகச் சொன்னார். பதினைந்து நாட்கள் இவ்வாறு நடந்தது. “அந்தக் கதையைக் கேட்பதற்காகவே அடுத்த மாலை வரை இருந்தேன்” என்று தங்கை பின்னாளில் சொன்னாள்.

அடியேன் சொன்னதும் சாஸ்திரம். அம்மாயி சொன்னதும் சாஸ்திரம். ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. ஏன்?

பிராட்டி கேட்ட கதை

விடையை அசோகவனத்திலேயே காணலாம். பத்து மாதச் சிறையில் வருந்திய பிராட்டி, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளத் துணிந்த கணத்தில், மரத்தின்மேல் மறைந்திருந்த அநுமன் வாய் திறக்கிறான். ஆதிகவி வால்மீகி இவ்விடத்தில் அநுமனின் எண்ணத்தை நமக்கு மிக நுட்பமாகக் காட்டுகிறார். கற்றறிந்தோர் பேசும் முறையில் வடமொழி பேசினால் அவள் என்னை இராவணன் என்று எண்ணி அஞ்சக்கூடும். ஆகவே சாதாரண மனிதர் பேசும் மொழியிலேயே பேசுவேன் என்று அவன் தேர்ந்துகொள்கிறான். நவவியாகரணமும் கற்றவன், தன் புலமையைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறான்.

அவன் பேசியது உபதேசமன்று. வினை என்றோ விதி என்றோ தொடங்கவில்லை. தசரதன் என்றோர் அரசன் இருந்தான் என்று இராமனுடைய கதையையே சொன்னான். ஆகவே, துன்பத்தில் நூல் தந்த ஆறுதலுக்கு முதற்சான்று அந்நூலின் உள்ளேயே இருக்கிறது: இராமாயணத்தைக் கேட்டு உயிர் தரித்தவள் இராமாயணத்தின் நாயகியே ஆவாள். கணையாழி பின்னர்தான் வந்தது. சேதுவும் படையும் அதற்கும் பின்னர். கதை கேட்டதனால் சிறைக்கதவு திறக்கவில்லை. அரக்கியர் காவலும் நீங்கவில்லை. ஆயினும் சாக நினைத்தவள் காத்திருக்க உடன்பட்டாள். மறைநூல் தரும் ஆறுதலின் அளவும் இதுதான். அதன் பெருமையும் இதுதான்.

கொங்குப் பிராட்டியார்

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பது கொங்கு நாடு. கோவைப் பகுதியில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்டி, கவலை இறைத்துப் பயிர் வளர்த்தவர்கள் நம் முன்னோர். மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தை நினைவுகூர்ந்த பாட்டன்மார் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டு வெளியேறுவது இம்மண்ணுக்குப் புதிதன்று.

எம்பெருமானார் ஸ்ரீராமாநுஜர் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில் கொங்கு நாட்டில் அத்தகைய வறட்சி ஒன்று நேர்ந்தது. அப்போது ஒரு பெண்மணி தன் கணவனுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டுத் திருவரங்கம் சேர்ந்து, அங்கே ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தாள். குருபரம்பரை நூல்கள் அவளைக் கொங்குப் பிராட்டியார் என்று போற்றுகின்றன. உடையவர் நாள்தோறும் மாதுகரத்திற்கு எழுந்தருளும்போது பெரியோர் பலரும் அவரைத் தெண்டனிட்டு வணங்குவதை அவள் மேலிருந்து கண்டாள். ஒருநாள் இறங்கி வந்து, பிச்சை ஏற்கும் உம்மை இவர்கள் வணங்குவது ஏன் என்று நேரிலேயே கேட்டாள். நாம் இவர்களுக்குச் சில நல்வார்த்தைகள் சொன்னோம், அதனால்தான் என்று உடையவர் அருளிச் செய்தார். அப்படியாயின் அவ்வார்த்தையை எனக்கும் சொல்லவேண்டும் என்று அவள் வேண்டினாள்.

அவள் கற்றவளா, எவ்வளவு காலம் இவ்வூரில் இருப்பாள், கேட்டதைக் காப்பாளா என்றெல்லாம் உடையவர் ஆராயவில்லை. மந்திர ரத்தினம் என்று நம் ஆசாரியர்கள் போற்றும் த்வயத்தை அவளுக்கு அருளினார். பஞ்சம் பிழைக்க வந்த ஒருத்திக்கு அதைக் காட்டிலும் உயர்ந்ததைத் தர வேறு எதுவும் அவரிடம் இல்லை. அதைக் காட்டிலும் தாழ்ந்ததைத் தர அவருக்குத் திருவுள்ளம் இல்லை.

பின்னர் நாட்டில் மழை பெய்தது. கணவனும் மனைவியும் ஊர் திரும்ப ஆயத்தமாயினர். இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மந்திரம் பெற்றதனால் மழை பெய்தது என்று அவ்வரலாறு பெருமை பேசவில்லை. மழை வந்தது, அவர்கள் புறப்பட்டார்கள், அவ்வளவே. ஆனால் புறப்படும் வேளையில் அவளுக்கு ஒரு கலக்கம் நேர்ந்தது. பெற்ற மந்திரம் மறந்துபோயிற்று.

நாமாக இருந்தால் வெட்கப்பட்டு வாளா இருந்திருப்போம். அவளோ உடையவரை மீண்டும் கண்டு, மறந்துவிட்டேன் என்று விண்ணப்பித்தாள். அவரும் கடிந்துகொள்ளாமல் மறுபடியும் அருளினார். இனி ஊரில் இருந்துகொண்டு பற்றிக்கொள்ள எனக்கு ஏதேனும் தரவேண்டும் என்று அவள் கேட்க, தம் திருவடி நிலைகளையே தந்து விடை கொடுத்தார்.

காலம் மாறியது. சோழ அரசனின் சினத்தால் உடையவருக்கே ஆபத்து வந்தது. கூரத்தாழ்வான் ஆசாரியனுக்குப் பதிலாகத் தாம் அரசவை சென்று கண்களை இழந்தார்; பெரிய நம்பியும் கண்ணிழந்து, திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். உடையவர் காஷாயத்தைக் களைந்து வெள்ளாடை உடுத்து, சில சீடர்களுடன் மேற்கு நோக்கிக் காட்டு வழியே நடந்தார். நீலமலைச் சாரலில் வேடர்கள் அவர்களுக்குத் தேனும் தினையும் அளித்து உபசரித்தனர். பல நாட்கள் சோறு காணாமல் நடந்து, இறுதியில் அவர்கள் ஒரு வீட்டை அடைந்தனர். அது கொங்குப் பிராட்டியாரின் வீடு.

வந்தவர்கள் இன்னார் என்று அவள் அறியாள். திருவரங்கத்து ஸ்ரீவைஷ்ணவர்கள் என்ற அளவிலேயே அகமகிழ்ந்து தளிகை செய்தாள். அவர்கள் உண்ணத் தயங்கியபோது தன் பழைய வரலாற்றைச் சொன்னாள். பிறகு அங்கிருந்தோர் திருவடிகளை ஒவ்வொன்றாக உற்றுநோக்கினாள். ஓரிடத்தில் நின்றாள். இவை எம்பெருமானார் திருவடிகளைப் போன்றுள்ளன. ஆனால் காஷாயம் இல்லையே என்று கலங்கினாள். அதற்குமேல் மறைக்க உடையவருக்கும் மனம் வரவில்லை. நாம்தான் என்று அருளினார். அவள் அத்திருவடிகளில் விழுந்து அழுதாள்.

மறதியும் நினைவும்

இவ்வரலாற்றை இளமை முதல் பலமுறை கேட்டிருந்தும், தங்கையின் துக்கத்திற்குப் பின்னரே அதன் உட்பொருள் அடியேனுக்கு ஒருவாறு விளங்கிற்று. த்வயத்தின் பொருள் யாது? ஸ்ரீமந்நாராயணன் திருவடிகளைச் சரணமாகப் பற்றுவதும், அவனுக்கே தொண்டு பூணுவதும் ஆகும். கொங்குப் பிராட்டியாருக்கு அம்மந்திரத்தின் சொற்கள் ஒருமுறை மறந்துபோயின. திருவடி மறக்கவில்லை. ஆடை மாறினும், கோலம் மாறினும், பல்லாண்டு கழியினும் அவள் திருவடியைக் கண்டு அடையாளம் கொண்டாள். சொற்கள் எதைச் சுட்டினவோ அதை அவள் விடவில்லை.

துன்பத்தில் இருப்பவனுக்கு நினைவு தளரும். நாள்தோறும் சொன்ன சகஸ்ரநாமம் நடுவில் அறுந்துபோகும். திருப்பாவை முதலடியே நாவில் வராது. அதனால் தன் பக்தி பொய்த்துவிட்டதென்று அவன் அஞ்ச வேண்டியதில்லை. மறந்தவன் மீண்டும் கேட்கலாம். கேட்கப்பட்டவன் கடியாமல் மீண்டும் சொல்ல வேண்டும். நூலை நமக்குத் தந்த பெரியோர் இதற்காகவே அதை ஏட்டோடு விட்டுவிடாமல், ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்லும் குருபரம்பரையாக வைத்தார்கள் போலும்.

இன்னொன்றும் உண்டு. பஞ்சத்தில் அவளுக்குச் சொல் தந்தவர் உடையவர். காட்டில் பசித்து வந்த உடையவருக்குச் சோறு தந்தவள் அவள். தத்துவத்தை எல்லாம் அறிந்த ஜகதாசாரியருக்கும் துன்பக்காலம் வந்தது. அன்று அவருக்கு ஸ்ரீபாஷ்யத்தின் வாதங்களை எவரும் எடுத்துக்கூறவில்லை. அவர் முன்பு தந்த சொல்லே ஓர் இலைச் சோறாகத் திரும்பி வந்தது. மறைமொழி மெய்யாகவே ஒரு நெஞ்சில் தங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இது மயக்கமா?

‘இவையெல்லாம் மனத்தை மயக்கும் மருந்தல்லவா? துன்பம் அப்படியே இருக்க, கதை கேட்டு என்ன பயன்?’ என்று அறிவுடையோர் சிலர் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. நோய்க்கு மருத்துவமும், பசிக்குச் சோறும், பஞ்சத்திற்கு நீரும் வேண்டும். இவற்றைத் தர வல்லவன் தராமல் சுலோகம் மட்டும் சொல்வானாயின் அது ஆறுதலன்று, வஞ்சனை. அம்மாயி போசியைச் சுவரின்மேல் வைத்த பின்னர்தான் கதை சொல்ல அமர்ந்தார்.

ஆனால் மயக்க மருந்து வலியை மறக்கச் செய்யும். நம் பெரியோர் அருளிய நூல்களோ வலியை மறக்கச் சொல்லவில்லை. பதினெட்டு அத்தியாயங்கள் கொண்ட கீதையில் முதல் அத்தியாயத்தின் பெயர் அர்ஜுன விஷாத யோகம். அழுதவனுடைய அழுகைக்கு ஓர் அத்தியாயம் முழுவதும் இடம் தந்து, அதற்கு யோகம் என்றும் பெயர் சூட்டிய பின்னரே உபதேசம் தொடங்குகிறது. அடியேன் அந்த முதல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்து இரண்டாவதிலிருந்து தொடங்கியதுதான் அன்று செய்த பிழை.

வேதாந்த தேசிகரையும் எண்ணிப் பார்ப்போம். 1323ஆம் ஆண்டில் டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, பிள்ளை லோகாசாரியர் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தென்திசை சென்று, வழியிலே ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையான சுருதப்பிரகாசிகையையும் தம் இரு புதல்வரையும் சுதர்சன சூரி தேசிகரிடம் ஒப்புவித்தார். பிணக்குவியலின் நடுவே மறைந்து கிடந்து, ஏட்டையும் குழந்தைகளையும் காத்து, தேசிகர் சத்தியகாலம் சென்று சேர்ந்தார் என்பது வரலாறு. காவிரிக்கு அண்மையில் உள்ள அவ்வூர், 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை நம் கோவை மாவட்டத்தில் அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்துதான் அவர் அபீதிஸ்தவம் அருளினார். அபீதி என்றால் அச்சமின்மை. அச்சம் இல்லாதவர் அச்சமின்மையை வேண்டமாட்டார். அரங்கநகரின் அச்சம் தீரவேண்டும் என்று, அச்சத்தை மறைக்காமல் எம்பெருமானிடமே முறையிட்ட நூல் அது. நம்பெருமாள் மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளியது 1371ஆம் ஆண்டில். இடையில் 48 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அந்தத் தோத்திரம் காலத்தைக் குறுக்கவில்லை; காத்திருக்கும் வலிமையைத் தந்தது.

தம்மைக் கொங்கர்களின் கோன் என்றும் சொல்லிக்கொண்ட குலசேகராழ்வார், பாரதப்புழைக் கரையிலுள்ள வித்துவக்கோட்டு எம்பெருமானை நோக்கி, எத்தனை காலம் பெய்யாவிடினும் முகிலையே பார்த்திருக்கும் பயிரைத் தமக்கு உவமையாக்குகிறார். மானாவாரி நிலத்தில் சோளம் விதைத்துவிட்டு மேற்கே மலைமுகட்டைப் பார்த்து நின்ற உழவனுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. பார்ப்பதனால் மழை வந்துவிடாது. ஆயினும் வேறு எங்கே பார்ப்பது? மயக்கமுற்றவன் வானம் கறுத்துவிட்டது என்று தன்னை ஏமாற்றிக்கொள்வான். பயிரோ வானம் வெளுத்திருப்பதை அறிந்தே பார்க்கிறது.

வினைப்பயன் என்னும் தத்துவத்தை அடியேன் மறுக்கவில்லை. அது ஒருவன் தன்னைத் தானே ஆராய்ந்து திருந்துவதற்கு ஏற்பட்ட விளக்கு; பிறர் புண்ணில் நீட்டிப் பார்ப்பதற்கு ஏற்பட்ட தீக்கொள்ளியன்று. மக்கள் துன்புற்றால் அவர்களினும் மிகுதியாகத் துன்புறுபவன் என்று இராமபிரானின் குணத்தை வால்மீகி பேசுகிறார். பெருமாளே அவ்வாறு இரங்கும்போது, அவன் அடியார் என்று சொல்லிக்கொள்ளும் நாம் நீதிபதிகளாக இருக்கலாமா?

சென்ற ஆண்டு மார்கழியில் அம்மாயி நோயுற்றுப் படுத்தார். நினைவும் தளர்ந்துவிட்டது. தங்கை மாலைதோறும் போசியுடன் சென்று வந்தாள். ஒருநாள் அடியேனும் உடன் சென்றேன். அம்மாயி ஏதோ சொல்லத் தொடங்கி, “அந்த மரத்து மேல இருந்தது யாரு கண்ணு?” என்று பாதியில் நின்றுவிட்டார். “அநுமாருங்க அம்மாயி” என்றாள் தங்கை. பிறகு அவளே மீதிக் கதையைச் சொன்னாள். அடியேன் ஒன்றும் சொல்லவில்லை. கற்றுக்கொண்டிருந்தேன்.

அன்பர்களே, இம்மலர் தங்கள் திருக்கரத்தை அடையும் வேளையில் உற்சவம் நடந்துகொண்டிருக்கும். காரமடை அரங்கன் சந்நிதியில் சடாரிக்குப் பதிலாக இராமபாணம் தலைமேல் வைக்கப்படுவதை நாம் அறிவோம். அரக்கரை அழித்த அம்பு, அடியார் தலையில் ஆசியாக அமர்கிறது. நம் நாவிலுள்ள மறைமொழியும் அவ்வாறே துன்புற்றோர் தலைமேல் மெல்ல அமரட்டும். தேர் நிலை சேர்ந்ததும், இவ்வாண்டு வடம் பிடிக்க வர இயலாத வீடு ஒன்று நம் தெருவில் இருக்கிறதா என்று பார்ப்போம். பிரசாதத்தை எடுத்துக்கொண்டு அங்கே செல்வோம். அழுதால் உடன் அமர்வோம்; கேட்டால் கதை சொல்வோம்; மறந்தால் மீண்டும் சொல்வோம்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.